சித்திரை வெயிலில் கடலோரப் பறவைகள்: தாழங்குடா முதல் தேங்காய்த்திட்டு வரை ஒரு நாள்

வலசைப் பறவை என்றாலே மார்கழி, தை என்று மனத்தில் பதிந்துவிட்டது. கடலூர், புதுச்சேரிக் கரையில் பங்குனிக் கடைசியும் சித்திரையும் அதற்குச் சளைத்த காலம் அல்ல. வடக்கே கிளம்பும் பறவைகள் முழு நிறத்தோடு நிற்பதும், உள்ளூர்ப் பறவைகள் வெறும் மணலில் முட்டையிடுவதும் ஒரே வாரத்தில், ஒரே கரையில் நடக்கும். ஆனால் கோடையில் பார்க்கக் கிடைக்கும் நேரம் குறைவு. காலையில் நான்கு மணி நேரம், மாலையில் மூன்று மணி நேரம், அவ்வளவுதான். அந்த ஏழு மணி நேரத்தில் எங்கே, எந்தப் பக்கம் முகம் வைத்து நிற்கிறீர்கள் என்பதில்தான் அன்றைய நாள் இருக்கிறது.

நம்முடையது கிழக்குக் கரை. காலையில் கடலைப் பார்த்து நின்றால் வெயில் கண்ணில் அடிக்கும். பறவைகள் எல்லாம் கறுப்பு நிழல்களாகத்தான் தெரியும். ஆகவே காலையில் கடலுக்கு முதுகைக் காட்டி, மேற்கே உள்ள நீரைப் பார்க்க வேண்டும். மாலையில் இதற்கு நேர்மாறாகக் கடலைப் பார்க்கலாம். கீழே சொல்லும் வழித்தடம் முழுவதும் இந்தக் கணக்கில் அமைந்தது.

எந்த வாரம் போவது

சேற்றிலும் மணலிலும் இரை தேடும் கரைப்பறவைகளான உள்ளான்களும் உப்புக்கொத்திகளும் வேண்டும் என்றால் ஏப்ரல் முதல் மூன்று வாரங்கள். டிசம்பரில் ஒரே சாம்பல் நிறத்தில் நின்று குழப்பியவை இப்போது தாமாகவே அடையாளம் சொல்லும். வளை அலகு உள்ளானின் அடிப்பாகம் செங்கல் சிவப்பாகியிருக்கும். கொசு உள்ளானின் முதுகில் செம்பழுப்பு ஏறியிருக்கும். மணல் உப்புக்கொத்திக்கு மார்பில் ஆரஞ்சுப் பட்டையும் கண்ணை ஒட்டிக் கறுப்பு முகமூடியும் வந்திருக்கும். பழுப்புத் தலைக் கடற்காகத்தின் (காகம் அல்ல, ஆங்கிலத்தில் gull) தலை உண்மையிலேயே பழுப்பாக இருப்பதைப் பார்க்க இதுதான் தருணம். அது லடாக், திபெத் பக்கத்து ஏரிகளுக்குப் போய்த்தான் குஞ்சு பொரிக்கும்.

மே நடுவில் இவற்றில் பெரும்பகுதி போய்விடும். அப்போதும் சாம்பல் நிறத்திலேயே சேற்றில் மேய்ந்துகொண்டிருப்பவை பெரும்பாலும் போன ஆண்டு பிறந்த இளசுகள். முதல் கோடையில் ஊர் திரும்பாமல் இங்கேயே தங்குவது அவற்றின் வழக்கம். நோயுற்றது என்று நினைத்துப் பிடிக்கப் போக வேண்டாம்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுத் தடைக்காலம். துறைமுகங்களில் மீன் கழிவு குறைந்துவிடுவதால் செம்பருந்துகளையும் கடற்காகங்களையும் அங்கே பெருங்கூட்டமாக எதிர்பார்த்துப் போகாதீர்கள். நாட்டுப் படகும் கரைவலையும் தொடரும். கரைவலை ஏறும் இடத்தில் கொக்குகள் கூடும்.

ஏத்தம் வத்தம், அதாவது கடல்நீர் ஏறி இறங்கும் நேரம் பார்ப்பது அவசியம், ஆனால் அதை மட்டுமே நம்ப முடியாது. நம் கரையில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வித்தியாசம் ஒரு மீட்டருக்கும் குறைவு. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் கொஞ்சம் கூடும். இன்று வற்றம் காட்டும் நேரம் நாளை ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளிப் போகும். இதைவிடப் பெரிய விஷயம் முகத்துவாரம். கோடையில் ஆற்றில் நீர்வரத்து இல்லாமல் மணல்மேடு வாயை அடைத்துவிட்டால் கடலின் ஏற்ற இறக்கம் உள்ளே வராது. ஏற்ற வற்ற நேர அட்டவணை எதற்கும் உதவாது. அப்போது உள்நீர் வெயிலில் மெல்ல வற்றி, நாளுக்கு நாள் சேறு வெளிப்படும். உள்ளான்களுக்கு அதுதான் பந்தி. கரையில் வலை பிரிக்கும் ஒருவரிடம், "அண்ணே, முகத்துவாரம் திறந்திருக்கா, அடைச்சிருக்கா?" என்று கேட்டாலே பாதி வேலை முடிந்தது.

கையில் இருக்க வேண்டியவை

8 மடங்கு பெருக்கும் 8x42 பைனாகுலர் போதும். 10 மடங்கு வாங்கினால் நல்லது என்று தோன்றும். கடற்காற்றில் கை ஆடும்போதும் கானல் எழும்போதும் அந்தக் கூடுதல் பெருக்கம் ஆட்டத்தையும் கானலையும் சேர்த்தே பெருக்கிக் காட்டும். முக்காலியில் வைத்துப் பார்க்கும் தொலைநோக்கியான ஸ்கோப் இருந்தால் கொண்டு வாருங்கள். காலை 9 மணிக்குப் பிறகு 60 மடங்கு வரை திருகாமல் 20 முதல் 30 மடங்குக்குள் நிறுத்திக்கொள்ளுங்கள். முக்காலியை முழு உயரத்துக்கு நீட்டாமல், நடுத்தண்டில் பையைத் தொங்கவிட்டால் காற்றில் ஆடாது.

ஆளுக்குக் காலைப் பொழுதுக்கு மட்டும் 2 லிட்டர் தண்ணீர், தனியாக உப்புப் போட்ட நீர்மோர் அரை லிட்டர், இரண்டு ஓ.ஆர்.எஸ். பொட்டலம். தாடையில் கட்டும் நாடா உள்ள தொப்பி, மங்கலான நிறத்தில் முழுக்கைச் சட்டை. காலுக்குப் பின்பட்டை வைத்த செருப்பு. ரப்பர் செருப்பு சேற்றில் உறிஞ்சிக்கொண்டு அறுந்துவிடும், வெறுங்காலில் இறங்கினால் கழிமுகத்துச் சிப்பி ஓடு பிளேடு மாதிரி அறுக்கும். லென்ஸ் துடைக்கும் முன் காற்றூதியால் மணலை ஊதித் தள்ளுங்கள். மணலோடு துணியை வைத்துத் தேய்த்தால் கண்ணாடிப் பூச்சில் விழும் கோடு போகாது.

விடியல்: தாழங்குடா

தென்பெண்ணையாறு கடலில் சேரும் இடம். கடலூரிலிருந்து தேவனாம்பட்டினம் வழியாக வரலாம். ஏப்ரலில் சூரியன் 6 மணியை ஒட்டியும் மே நடுவில் 5.45 வாக்கிலும் எழும்; 5.30க்கு மணலில் கால் வைத்திருக்க வேண்டும். 7 மணிக்கு வந்தால் நடைப்பயிற்சிக்காரர்களும் நாய்களும் கூட்டத்தை ஒருமுறை கிளப்பி முடித்திருப்பார்கள். வண்டியைப் படகு இறங்கும் வழியில் நிறுத்தாதீர்கள், காயப் போட்ட வலையை மிதிக்காதீர்கள். இந்தக் கரையில் பங்குனி ஆமைகள் முட்டையிடும். ஏப்ரலில் குஞ்சுகள் வெளியேறும் காலம் இன்னும் முடிந்திருக்காது. வெள்ளை டார்ச் வெளிச்சம் அவற்றைக் கடலுக்கு எதிர்த் திசையில் இழுத்துவிடும். இருட்டில் விளக்கில்லாமல், கண் பழகும்வரை நின்று நடங்கள்.

நடப்பது அலை நனைக்கும் ஈர மணலில். மேட்டு மணலில் ஏறாதீர்கள். ஏன் என்று அடுத்த பகுதியில் சொல்கிறோம். முகத்துவாரத்தை நெருங்கியதும் கடலுக்கு முதுகைக் காட்டி, உள்நீரின் சேற்றுவிளிம்பைப் பாருங்கள்.

100 மீட்டரில் முதல் நிறுத்தம். ஐந்து நிமிடம் அசையாமல் இடமிருந்து வலமாக ஒருமுறை, வலமிருந்து இடமாக ஒருமுறை. பிறகு நேராகப் போகாமல் சாய்வாக, பத்துப் பதினைந்து அடி நடந்து நின்று, மறுபடி நடந்து நெருங்குங்கள். தலைகள் நிமிர்ந்தால் நில்லுங்கள். மேய்வதை விட்டு நடக்கத் தொடங்கினால் இரண்டடி பின்வாங்குங்கள். அடுத்தது பறப்பதுதான். இதில் கண்டிப்பாக இருக்க வேண்டியதற்குக் காரணம் உண்டு: வளை அலகு உள்ளான் இங்கிருந்து சைபீரியத் துந்திரா வரை போகிறது. கிளம்பும் முன் அது சேர்த்து வைக்கும் கொழுப்புதான் வழிச்செலவு. ஒரு படத்துக்காக நான்கு முறை கிளப்பினால் அந்தக் கையிருப்பிலிருந்துதான் எடுத்துக்கொள்கிறோம்.

கூட்டத்தைப் பிரிக்கும்போது நிறத்துக்கு முன் நடையைப் பாருங்கள். ஓடி, சட்டென நின்று, ஒரு கொத்து கொத்தி மறுபடி ஓடினால் உப்புக்கொத்தி. தலையைத் தூக்காமல் சேற்றில் தையல் மெஷின் ஊசி போலக் குத்திக்கொண்டே போனால் உள்ளான். அடுத்து கால்: சிவந்த ஆரஞ்சு என்றால் பவளக்காலி, மங்கிய பச்சை என்றால் பச்சைக்காலி, உடம்பைவிட நீளமாக இளஞ்சிவப்பில் இருந்தால் நெடுங்கால் உள்ளான். அதற்கடுத்து அலகு: நீண்டு கீழ்நோக்கி வளைந்து, பறவையும் கோழி அளவு என்றால் கோட்டான் (ஆந்தை அல்ல, இதுவும் கரைப்பறவைதான்), தலையில் கறுப்புப் பட்டைகள் இருந்து அலகு குட்டையாக இருந்தால் சின்னக் கோட்டான். நிறம் கடைசியில்தான். ஏப்ரலில் ஒரே இனத்தில் பாதி சிவந்ததும் பாதி சாம்பலுமாக நிற்கும். நிறத்தை முதலில் எடுத்தால் ஒன்றை இரண்டாக எண்ணிவிடுவோம்.

மணலில் முட்டை

இந்தக் கட்டுரையில் ஒரு பகுதியை மட்டும் படிக்க நேரம் இருந்தால் இதைப் படியுங்கள்.

சிறு ஆலா (ஆலா என்பது நீரின் மேல் பறந்து இரை எடுக்கும் பறவை, ஆங்கிலத்தில் tern), ஹனுமான் உப்புக்கொத்தி, நெடுங்கால் உள்ளான், ஆள்காட்டிகள் எல்லாம் கோடையில் தரையில் முட்டையிடுபவை. கூடு என்று ஒன்று இருக்காது. மணலில் உள்ளங்கை அளவு ஒரு குழி, அருகே நாலு சிப்பி ஓடு. சிறு ஆலாவும் உப்புக்கொத்தியும் இரண்டு மூன்று முட்டைகள் இடும். நெடுங்கால் உள்ளானும் ஆள்காட்டியும் பெரும்பாலும் நான்கு. முட்டையின் நிறம் மணலின் நிறமேதான். குனிந்து தேடினாலும் தெரியாது, மிதித்த பிறகுதான் தெரியும்.

ஹனுமான் உப்புக்கொத்தி நமக்கு நெருக்கமான பறவை. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் முட்டையிடும் இந்தச் சிறு பறவையை கெண்டிஷ் உப்புக்கொத்தியின் உள்ளினம் என்றே வெகுகாலம் வைத்திருந்தார்கள். 2023இல் தனி இனம் என்று நிறுவினார்கள். மே மாதத்தில் நம் மணலில் குஞ்சோடு ஓடுவது இதுதான்.

கூட்டுக்கு அருகில் வந்துவிட்டீர்கள் என்பதைப் பறவையே சொல்லும். உப்புக்கொத்தி இறக்கை முறிந்ததுபோல் மணலில் இழுத்துக்கொண்டு உங்களை வேறு பக்கம் கூட்டிப் போகும். ஆலா தலைக்கு மேல் வந்து கிறீச்சிட்டுப் பாயும். நெடுங்கால் உள்ளான் விடாமல் கத்திச் சுற்றும். இதில் எது நடந்தாலும் செய்ய வேண்டியது இவ்வளவே: அப்படியே நில்லுங்கள், காலடியைச் சுற்றிப் பாருங்கள், வந்த காலடித் தடத்திலேயே திரும்பி நடந்து, கத்தல் அடங்கும் வரை விலகுங்கள். குறைந்தது 100 மீட்டராவது ஆகும்.

அவசரம் ஏன் என்றால், இங்கே தாய் அடைகாப்பது சூட்டுக்காக மட்டும் அல்ல, நிழலுக்காக. நண்பகல் மணலின் சூட்டை முட்டை தாங்காது. பெற்றோர் இறக்கையை விரித்து நின்று நிழல் தரும். வயிற்றுச் சிறகை நீரில் நனைத்து வந்து முட்டையைக் குளிர்விக்கும். நீங்கள் அருகில் உட்கார்ந்து படம் எடுக்கும் நேரம் முழுக்க அது விலகியே நிற்க, முட்டை உள்ளே வெந்துபோகும். காகம் வேறு உங்களைக் கவனித்துக்கொண்டிருக்கும். மனிதன் குனிந்த இடத்தை அது நினைவில் வைக்கும். நாய் உங்கள் தடத்தை மோந்துகொண்டே வரும்.

கூட்டைச் சுற்றிக் கல் அடுக்குவது, குச்சி நட்டு அடையாளம் வைப்பது, நிழலுக்கு ஓலை போடுவது எல்லாம் நல்ல எண்ணத்தில் செய்யும் கெடுதல். காகத்துக்கும் சிறுவர்களுக்கும் விலாசம் எழுதிக் கொடுப்பது அது. கூட்டின் படத்தையும் இடத்தையும் வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். முட்டையையும் கூட்டையும் கலைப்பது 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமும்கூட.

ஆலாக்களைப் பிரிப்பது

பறக்கும் விதத்தில் தொடங்குங்கள். நீருக்கு மேலே ஒரே இடத்தில் இறக்கை அடித்து நின்று, பிறகு கல் விழுந்ததுபோல் பாய்ந்தால் சிறு ஆலா. இருப்பதிலேயே சிறியது, மஞ்சள் அலகு, நுனி கறுப்பு, நெற்றி வெள்ளை. பாயாமல் நீரின் மேற்பரப்பை மட்டும் தொட்டுத் தொட்டு எடுத்தால் மீசை ஆலா. ஏப்ரலில் அதன் வயிறு கரும்சாம்பலாகி, கன்னத்தில் வெள்ளைக் கோடு பளிச்சென்று தெரியும். சேற்றின் மேல் தாழப் பறந்து நண்டு பொறுக்கினால், அலகு கட்டையாகக் கறுத்திருந்தால், பருத்த அலகு ஆலா. கடற்காகம் அளவுக்குப் பெரிதாக, கேரட் நிறத்தில் தடித்த அலகோடு வந்தால் காஸ்பியன் ஆலா. அலைக்கு அப்பால் கடலின் மேலேயே போய்க்கொண்டு, அலகு வெளிறிய மஞ்சளாக இருந்தால் பெரிய கொண்டை ஆலா.

அடிக்கடி நேரும் தவறு, நிற்கும் ஆலாவைத் தனியாகப் பார்த்து அளவைக் கணிப்பது. பக்கத்தில் ஒரு உப்புக்கொத்தியோ கொக்கோ வரும்வரை காத்திருங்கள். வெறும் மணலில் அளவு கண்ணை ஏமாற்றும்.

ஒரு எச்சரிக்கை: முகத்துவாரம் ஆழம் இல்லாததுபோல் தெரிந்தாலும் அக்கரைக்கு இறங்கிக் கடக்காதீர்கள். நீர் வெட்டிய விளிம்பில் மணல் பொதபொதவென்று உள்வாங்கும், வற்றும் நேரத்தில் இழுப்பும் அதிகம்.

8.30: பாகூர் ஏரி

8 மணிக்கெல்லாம் மணலில் கானல் எழத் தொடங்கும். புதுச்சேரிச் சாலையில் வடக்கே வந்து, கன்னியக்கோயிலில் மேற்கே திரும்பினால் பாகூர். நம் பக்கத்து ஏரிகளுக்கு நிலத்தின் சாய்வுப்படி கரை பெரும்பாலும் கிழக்கே இருக்கும். கரைமேல் நின்றால் காலை வெயில் முதுகில், நீர்ப்பரப்பு எதிரில். மணலைவிட நீரின் மேல் கானல் குறைவு என்பதால் 10 மணி வரை இங்கே தாக்குப் பிடிக்கலாம்.

கோடையில் ஏரி சுருங்கச் சுருங்க மீன்கள் மிஞ்சிய குட்டையில் நெருங்கும். கூழைக்கடா, மஞ்சள் மூக்கு நாரை, நத்தைகுத்தி நாரை, பாம்புத்தாரா, நீர்க்காகம் எல்லாம் அந்தக் குட்டையைச் சுற்றி நிற்கும். ஆகவே ஏரி முழுக்கத் தேடாமல் மதகை ஒட்டிய ஆழமான பகுதியை முதலில் பாருங்கள். இலைத் திட்டு மிச்சம் இருந்தால் நீளவால் இலைக்கோழி. மே மாதத்தில் அதற்கு வால் முழுதாக வளர்ந்திருக்கும். வறண்ட ஏரித்தரையில் மஞ்சள் மூக்கு ஆள்காட்டி முட்டையிடும், அங்கும் மேலே சொன்ன விதிதான். படம் எடுப்பவர்கள் வெள்ளைக் கொக்குக்கு எக்ஸ்போஷரை முக்கால் முதல் ஒரு ஸ்டாப் குறைத்து வையுங்கள், இல்லாவிட்டால் சிறகு வெறும் வெள்ளைத் தாளாகிவிடும்.

உச்சி வெயில்

10.30 முதல் 3.30 வரை எங்கும் போக வேண்டாம். பறவைகளும் நிழலில் அலகைத் திறந்து மூச்சு வாங்கும் நேரம் அது. சாலையோரம் நுங்கும் இளநீரும் கிடைக்கும் பருவம். சாப்பிட்டு, படங்களைப் பார்த்துக் காலைப் பட்டியலைச் சரிசெய்யுங்கள். தலைச்சுற்றல், குமட்டல், வியர்வை நின்று தோல் சுடுவது ஆகியவை தெரிந்தால் அன்று மாலைப் பயணத்தை விட்டுவிட வேண்டும். வியர்வை நின்றிருந்தால் ஈரத்துணி போட்டு உடனே மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள்.

பிற்பகல்: தேங்காய்த்திட்டும் கடலும்

3.30க்கு அரியாங்குப்பம் ஆற்றின் கழிமுகத்து அலையாத்திப் பக்கம். ஆற்றின் மேற்குக் கரையில் இடம் பிடித்தால் வெயில் பின்னால் இருக்கும். அலையாத்தி வேர்களுக்கிடையே உள்ள சேற்றில் மடையான், உள்ளான், மீன்கொத்தி, கம்பிகளில் பஞ்சுருட்டான், மேலே செம்பருந்து. மரத்துக்குள் நடந்து போகாமல் ஓர் ஓரத்தில் அரைமணி நேரம் உட்கார்ந்தால் தானாக வெளியே வரும்.

5 மணிக்கு வீராம்பட்டினம் கடற்கரை. இப்போது கடலின் மேல் முழு வெளிச்சம். கரைக்கு இணையாக ஆலாக்கள் போவதை எண்ண வசதியாக எதிரே ஒரு படகையோ கட்டையையோ கோடாக வைத்துக்கொண்டு, அதைக் கடப்பவற்றை மட்டும் 15 நிமிடம் எண்ணுங்கள். திரும்பி வருபவற்றைக் கழியுங்கள்.

இன்னொரு நாள் இருந்தால் வடக்கே மரக்காணம் உப்பளமும் கழுவேலி ஈரநிலமும். கழுவேலி 2021இல் சரணாலயமாகி, 2024இல் உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. உப்பளத்துக்கு இது உச்சப் பருவம். பாத்தி வரப்பில் அனுமதி கேட்காமல் ஏறக் கூடாது, ஈர வரப்பு உடைந்தால் ஒரு குடும்பத்தின் உப்பு கெடும்.

பட்டியல் போடுவது

பார்த்த பறவைகளைப் பதிவிடும் இபேர்டு (eBird) செயலியில் ஒவ்வோர் இடத்துக்கும் தனிப் பட்டியல். தாழங்குடாவையும் பாகூரையும் ஒரே பட்டியலில் போட்டால் எந்தப் பறவை எங்கே என்பது பயனற்றுப் போகும். எண்ணிக்கைக்குப் பதில், எண்ணவில்லை என்று காட்டும் எக்ஸ் (X) போடாதீர்கள். கூட்டத்தில் பத்துப் பறவைகளை எண்ணி, அந்தப் பத்து எவ்வளவு இடம் அடைக்கிறது என்று கண்ணில் வைத்து, மொத்தக் கூட்டத்தில் அப்படி எத்தனை என்று எண்ணுங்கள். இரண்டு முறை எண்ணி வித்தியாசம் பெரிதாக இருந்தால் மூன்றாவது முறை. மணல் உப்புக்கொத்தியை முன்பு ஒரே இனமாக வைத்திருந்ததை இப்போது சைபீரியம், திபெத்தியம் என்று பிரித்துவிட்டார்கள்; படம் இல்லாமல் உறுதி இல்லையென்றால் இரண்டையும் சேர்த்த பதிவைத் தேர்ந்தெடுங்கள். கூடு பார்த்திருந்தால் குறிப்பில் இடத்தை எழுத வேண்டாம்.

வீடு வந்ததும் முக்காலியின் கால்களை முழுவதும் நீட்டி நல்ல தண்ணீரில் கழுவிக் காயவையுங்கள். உப்பும் மணலும் திருகுமறையில் ஒரு இரவு தங்கினால் அடுத்த வாரம் கால் நீளாது. பைனாகுலர் வெளிப்புறத்தைப் பிழிந்த ஈரத்துணியால் துடைத்து, மின்விசிறிக் காற்றில் உலர்த்திய பிறகே உறைக்குள் வையுங்கள்.